கிணற்றுத் தண்ணீரில் மலக் கிருமியைத் தேடுதல்: மாதிரிப் போத்தலிலிருந்து அறிக்கை வரை

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டு "மலக் கோலிபோம் இல்லை" என்று, அதாவது மலக் கிருமி இல்லை என்று, எழுதுவது மிக இலகு. சோதனை இதுதான்: தண்ணீரை மென்சவ்வு என்ற நுண்துளைத் தாளில் வடிகட்டி, அதை ஏகார் என்ற ஊட்டக் களி ஊற்றிய தட்டில் வைத்து, சூடான நீர்த்தொட்டியில் ஒரு நாள் வளர்த்து, முளைக்கும் கொலனிகளை, அதாவது கிருமித் திட்டுகளை, எண்ணுவது. போத்தலுக்குள் கொஞ்சம் குளோரீன் மிஞ்சியிருந்தால் போதும், "இல்லை" என்ற முடிவு வந்துவிடும். நீர்த்தொட்டியின் வெப்பநிலை 46 பாகைக்கு ஏறினாலும் வரும். வடிகட்டும் புனல் சூடு ஆறாமல் இருந்தாலும் வரும். தண்ணீர் உண்மையிலேயே சுத்தமாக இருந்தாலும் வருவது அதே முடிவுதான். தட்டைப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய வழியில்லை. அந்த அறிக்கையை நம்பி ஒரு வீடு காய்ச்சாத தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கும். ஆகவே கிருமியைக் கண்டுபிடிப்பதைவிட, கிருமி இருந்திருந்தால் கட்டாயம் கண்டுபிடித்திருப்போம் என்பதை உறுதி செய்வதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான். வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

எதைத் தேடுகிறோம்

நெருப்புக்காய்ச்சல், வயிற்றோட்டம், செங்கண்மாரி ஆகியவற்றின் கிருமிகளை ஒவ்வொன்றாகத் தேடுவது சாத்தியமில்லை. வகை பல, எண்ணிக்கை குறைவு, சோதனைச் செலவும் அதிகம். அதனால் மனிதரினதும் கால்நடைகளினதும் குடலில் எப்போதும் பெருந்தொகையாக வாழும் ஒரு பற்றீரியாவைத் தேடுகிறோம். அதுதான் ஈ.கோலை. அது தண்ணீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது, அண்மையில்தான் கலந்திருக்கிறது என்று பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614 உம் சொல்வது ஒன்றுதான்: 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக்கூடாது.

"மொத்தக் கோலிபோம்", "மலக் கோலிபோம்", "ஈ.கோலை" மூன்றும் ஒன்றல்ல. மொத்தக் கோலிபோம் மண்ணிலும் இலைதழையிலும்கூட வாழும்; திறந்த கிணற்றில் அது இருப்பது புதினமில்லை. அதில் 44 பாகைக்கு மேலும் வளரக்கூடியவை மலக் கோலிபோம். அவற்றில் பெரும்பான்மை ஈ.கோலை. அறிக்கையில் எதை எண்ணினீர்கள் என்பதைப் பெயர் சொல்லியே எழுதுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தச் சோதனை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இங்கே நிரந்தர ஆறு இல்லை. குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்துதான் வருகிறது. வலிகாமத்தில் பல இடங்களில் செம்மண் அடுக்கு மெல்லியது. அதற்குக் கீழே உள்ள கல்லில் வெடிப்பும் குகையுமாக நீர்வழிகள் ஓடுகின்றன. மணலில் மெல்ல ஊறி இறங்கும் தண்ணீர் வழியிலேயே கிருமிகளை விட்டுவிட்டு வரும். வெடிப்பு வழியாக ஓடும் தண்ணீர் அப்படி வடிவதில்லை. மலக்குழி இத்தனை மீற்றர் தள்ளி இருக்கிறது, ஆகவே பயமில்லை என்ற கணக்கு மணல் நிலத்துக்குப் பொருந்தலாம், சுண்ணாம்புக் கல்லுக்குப் பொருந்தாது. தூரத்தை அளந்து திருப்திப்படாமல் தண்ணீரைச் சோதியுங்கள்.

போத்தல்

250 மில்லிலீற்றர் அகன்ற வாய்ப் போத்தல், கண்ணாடி அல்லது பொலிபுரொப்பிலீன், திருகுமூடியுடன். ஒட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமியழிக்கும் கலத்தில், 121 பாகையில் 15 நிமிடம். வெறும் கண்ணாடிப் போத்தலானால் உலர் அடுப்பில் 170 பாகையில் 1 மணித்தியாலம் வைத்தாலும் சரி. மூடியையும் கழுத்தையும் அலுமினியத் தாளால் சுற்றிய பிறகே கிருமியழிக்க வேண்டும்.

குளோரீன் போட்ட தண்ணீர் என்றால் போத்தலைக் கிருமியழிக்கும் முன்பே சோடியம் தயோசல்பேற்று சேர்க்க வேண்டும். 3 வீதக் கரைசலில் 0.1 மில்லிலீற்றர், 120 மில்லிலீற்றர் போத்தலுக்கு. 250 மில்லிலீற்றர் போத்தலுக்கு 0.2. லீற்றருக்கு 5 மில்லிகிராம் வரையான குளோரீனை இது செயலிழக்கச் செய்யும். இதை விட்டால், கிணற்றடியிலிருந்து ஆய்வுகூடம் வரும் வழியெல்லாம் குளோரீன் போத்தலுக்குள் இருந்து கிருமியைக் கொன்றுகொண்டே வரும். வீட்டார் குடித்தது உயிருள்ள கிருமி, நீங்கள் சோதித்தது செத்த கிருமி. "எங்கள் கிணற்றுக்குக் குளோரீன் போடவில்லை" என்று சொல்லும் வீட்டிலும் தயோசல்பேற்றுப் போத்தலையே பாவியுங்கள். போன கிழமை யாராவது வந்து வெளிற்றும் தூள் கரைத்து ஊற்றியது வீட்டாருக்கே தெரியாமல் இருக்கலாம், குளோரீன் இல்லாத தண்ணீரில் தயோசல்பேற்று கெடுதல் செய்வதும் இல்லை. அது உள்ளே இருப்பதால் போத்தலை மாதிரித் தண்ணீரால் அலசக் கூடாது. வேறு சோதனைகளுக்குப் போத்தலை முன்கூட்டியே அலசிப் பழகிய கை இங்கேயும் தன்னையறியாமல் அலசிவிடும். போத்தலில் "அலச வேண்டாம்" என்று எழுதியே கொடுத்து அனுப்புங்கள்.

கிணற்றடியில்

முதலில் கேள்வியைத் தீர்மானியுங்கள். கிணறு மாசுபட்டிருக்கிறதா என்பது ஒரு கேள்வி. வீட்டார் குடிக்கிற தண்ணீர் மாசுபட்டிருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் போத்தலை நேரே கிணற்றில் இறக்க வேண்டும். இரண்டாவதற்குக் குசினிக் குழாயிலோ குடத்திலோ எடுக்க வேண்டும். வீட்டு வாளியால் அள்ளி ஊற்றிய தண்ணீர் இரண்டுக்கும் உதவாது. அந்த வாளியும் கயிறும் நாள் முழுக்கக் கிணற்றடி நிலத்தில் கிடந்தவை. வருகிற கிருமி கிணற்றினதா கயிற்றினதா என்று யாராலும் சொல்ல முடியாது.

கிணற்றில் எடுக்க, போத்தலின் அடியில் பாரம் கட்டி, சுத்தமான 20 மீற்றர் கயிற்றைப் பிணைத்துக்கொள்ளுங்கள். கல்லோ ஈயமோ எதுவானாலும் போத்தலோடு சேர்த்தே கிருமியழித்திருக்க வேண்டும். கயிற்றை நிலத்தில் போடாமல் கையில் சுருளாகப் பிடித்துக்கொண்டு மெல்ல விடுங்கள். போத்தல் கிணற்றுச் சுவரில் முட்டக்கூடாது. சுவரின் பாசியும் பறவை எச்சமும் தட்டினால் உதிரும். போத்தல் முழுதாகத் தாழ்ந்து நிரம்பியதும் அடியைத் தொடவிடாமல் தூக்குங்கள். மேலே வந்ததும் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மூடிக்குக் கீழே குறைந்தது 2.5 சென்ரிமீற்றர் காற்றிடம் விடுங்கள். அந்த இடம் இல்லாவிட்டால் ஆய்வுகூடத்தில் குலுக்கிக் கலக்க முடியாது.

குழாயில் எடுக்கும்போது வாயில் கட்டியிருக்கும் வடிதுணியைக் கழற்றுங்கள். எங்கள் ஊரில் அந்தத் துணி இல்லாத குழாயைக் காண்பதரிது, மாதக்கணக்கில் ஈரமாகக் கிடக்கும் அந்தத் துணியே பற்றீரியாவுக்கு நல்ல விளைநிலம். உலோகக் குழாயானால் சுவாலை காட்டலாம். பிளாஸ்ரிக் குழாயை 70 வீத அற்ககோலால் துடையுங்கள். பிறகு 2 முதல் 3 நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, ஓட்டத்தைக் குறைத்து, தெறிக்காமல் நிரப்புங்கள். மூடியை நிலத்தில் வைக்க வேண்டாம். உட்புறம் கீழே பார்த்தபடி கையிலேயே பிடித்திருங்கள்.

எஞ்சிய குளோரீனை அங்கேயே, வேறொரு பாத்திரத்தில், குளோரீன் இருந்தால் நிறம் காட்டும் டிபிடி மாத்திரையால் அளந்து எழுதுங்கள். ஆய்வுகூடத்துக்கு வந்தபின் அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. திகதி, நேரம், கிணற்றின் நீர்மட்டம், கடைசி மூன்று நாளில் மழை பெய்ததா என்பனவும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். ஒரு கிணற்றை ஒரே தடவை சோதிப்பதானால் கோடையில் சோதிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கி நல்ல மழை பெய்த பிறகு எடுங்கள். மலக்குழியும் நிலத்தடி நீரும் ஒன்றையொன்று நெருங்கும் காலம் அதுதான்.

கொண்டுவரும் வழி

மாதிரியை இருட்டில், 10 பாகைக்குக் கீழே, உறையாமல் வைத்து 6 மணித்தியாலத்துக்குள் வடிகட்டத் தொடங்குங்கள். தவிர்க்க முடியாவிட்டால் 24 மணித்தியாலம் வரை, அதுவும் முழு நேரமும் குளிரில் இருந்திருந்தால் மட்டும். சூட்டில் கிடந்த மாதிரியில் கிருமி பெருகியும் இருக்கலாம், செத்தும் இருக்கலாம். எந்தப் பக்கம் பிழை வந்தது என்று திருத்திக் கணக்கிட வழியில்லை.

ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போடும்போது ஒரு கவனம். மீன் சந்தையில் வாங்கிய ஐஸ் உருகினால் அந்தத் தண்ணீர் போத்தல் கழுத்துவரை ஏறும். மூடித் திருகு வழியாக ஒரு துளி உள்ளே போனாலும் சுத்தமான கிணறு அசுத்தமாகிவிடும். ஐஸை முடிச்சுப் போட்ட பையில் இடுங்கள், போத்தல்களை நிமிர்த்தி வையுங்கள். குளிர்ப்பொதி இருந்தால் இன்னும் நல்லது. பெட்டியில் ஒரு போத்தல் வெறும் தண்ணீரோடு வரட்டும். ஆய்வுகூட வாசலில் வெப்பமானியை அதற்குள் விட்டுப் பார்த்து, வாசிப்பைப் பதியுங்கள்.

நெடுந்தீவு மாதிரிகளுக்கு 6 மணித்தியாலத்தைத் தீர்மானிப்பது குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரும் படகின் நேரம்தான். கடைசிப் போத்தலைப் படகு புறப்படும் முன் எடுக்கும்படி ஒழுங்கு செய்யுங்கள், காலையில் இறங்கியதும் எடுத்துவிட்டு மாலைவரை காத்திருக்க வேண்டாம். இன்னொன்று: வடிகட்டிய தட்டை மறுநாள் அதே நேரத்தில் வாசிக்க ஒருவர் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையும் போயா தினத்துக்கு முதல்நாளும் மாதிரி ஏற்காதீர்கள்.

ஆய்வுகூடத் தயாரிப்பு

வளர்ப்பூடகத்துக்கும் (கிருமியை வளர்க்கும் ஏகார், குழம்பு) அலசும் நீருக்கும் காய்ச்சி வடித்த நீர் மட்டும். எங்கள் கிணற்று நீரின் கல்சியம் அலசும் நீரின் பொஸ்பேற்றோடு சேர்ந்து வெண்படிவாக இறங்கிவிடும். பிறகு அந்தக் கரைசல் பிஎச் பெறுமானத்தை, அதாவது அமில கார அளவை, காக்காது. அதே சுண்ணாம்பு வடிகருவியின் சூடாக்கியிலும் தோடுபோலப் படியும். படிவு தடித்தால் வெப்பம் கடத்தாமல் சூடாக்கி எரிந்துபோகும். ஆகவே ஐதான அமிலத்தால் படிவை ஒழுங்காகக் கரைத்தெடுங்கள்.

அலசும் நீர்: 34.0 கிராம் பொற்றாசியம் இருஐதரசன் பொஸ்பேற்றை 500 மில்லிலீற்றரில் கரைத்து, சோடியம் ஐதரொட்சைட்டால் பிஎச் 7.2 ஆக்கி, 1 லீற்றராக்குங்கள். வேறொரு போத்தலில் 81.1 கிராம் மக்னீசியம் குளோரைட்டு, ஆறு நீர் மூலக்கூறு உள்ள வகை, 1 லீற்றரில். பாவிக்கும்போது முதலாவதில் 1.25 மில்லிலீற்றர், இரண்டாவதில் 5 மில்லிலீற்றர் எடுத்து 1 லீற்றராக்கிக் கிருமியழியுங்கள். 20 மாதிரி, ஒவ்வொன்றுக்கும் 2 கனவளவு என்றால் 40 வடிகட்டல். ஒன்றுக்கு 25 மில்லிலீற்றர்படி மூன்று தடவை அலச 75. மொத்தம் 3 லீற்றர். நடுவழியில் அலசும் நீர் முடிந்து, ஆறாத போத்தலை அவசரமாக எடுத்து ஊற்றுவது வழக்கமான பிழை. மென்சவ்வில் இருந்த கிருமி அந்தச் சூட்டிலேயே முடிந்துபோகும்.

மலக் கோலிபோமுக்கு எம்-எஃப்சி ஏகார். பொடியின் அளவை அந்தந்தப் போத்தல் லேபிளில் பார்த்து நிறுங்கள். அதில் லீற்றருக்கு 10 மில்லிலீற்றர் ரொசோலிக் அமிலக் கரைசல் சேர்க்க வேண்டும். 0.8 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டை 100 மில்லிலீற்றரில் கரைத்து, அதில் 1 கிராம் ரொசோலிக் அமிலத்தைக் கரைத்தால் அந்தக் கரைசல் கிடைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் இருட்டில் 2 கிழமை வைக்கலாம். நல்ல கரைசல் கரும்சிவப்பு. சேற்று மண்ணிறம் ஏறியிருந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் ஊற்றிவிடுங்கள். ஏகாரைக் கொதிநிலை வரும்வரை சூடாக்கி உடனே இறக்குங்கள். ஒட்டோகிளேவில் வைக்கக் கூடாது, வைத்தால் ரொசோலிக் அமிலம் சிதைந்து, தடுக்க வேண்டிய வேறு பற்றீரியாக்கள் எல்லாம் முளைக்கும். 50 பாகைக்குக் கீழே ஆறியதும் 50 மில்லிமீற்றர் பெத்திரிக் கிண்ணங்களில் 5 முதல் 7 மில்லிலீற்றர் வரை ஊற்றுங்கள். கால் லீற்றரில் ஏறக்குறைய 40 கிண்ணம் வரும். பையில் இறுக மூடி 4 பாகையில் வைத்தால் 2 கிழமை தாங்கும். பாவிக்க முன் அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள், மூடியில் வியர்த்த நீர் ஏகாரில் சொட்டினால் கொலனிகள் ஒன்றோடொன்று கலந்து படரும்.

வடிகட்டல்

மென்சவ்வு: 47 மில்லிமீற்றர் விட்டம், 0.45 மைக்ரோமீற்றர் துளை, கட்டம் அச்சிட்டது, கிருமியழித்துத் தனித்தனி உறையில் வருவது. கூடவே புனல், தாங்கி, உறிஞ்சு குடுவை, வெற்றிடப் பம்பி. குடுவைக்கும் பம்பிக்கும் நடுவே இன்னொரு வெற்றுக் குடுவை வையுங்கள். முதற்குடுவை நிரம்பியதை யாரும் கவனிக்காமல் விட்டால் தண்ணீர் பம்பிக்குள் போய், அன்றைய வேலை அதோடு முடிந்துவிடும்.

மேசையை 70 வீத அற்ககோலால் துடைத்து, மின்விசிறியை நிறுத்துங்கள். புழுக்கம்தான், ஆனால் விசிறி ஓடினால் கூரைத் தூசு வந்து மென்சவ்வில் விழும். முதல் வடிகட்டல் மாதிரியல்ல, 100 மில்லிலீற்றர் அலசும் நீர். கடைசி வடிகட்டலும் அதுவே; இடையில் ஒவ்வொரு 10 மாதிரிக்கும் ஒன்று. இந்த வெற்றுத் தட்டில் ஒரு கொலனி வந்தாலும் அந்தத் தொடர் முழுவதும் சந்தேகத்துக்குரியது.

தட்டையான நுனியுள்ள இடுக்கியை அற்ககோலில் தோய்த்துச் சுவாலையில் எரித்து, ஆறவிடுங்கள். மென்சவ்வின் ஓரத்தை மட்டும் பிடித்து, கட்டம் மேலே தெரியத் தாங்கியில் வைத்துப் புனலைப் பூட்டுங்கள். மாதிரிப் போத்தலை 25 தடவை பலமாகக் குலுக்குங்கள். பற்றீரியா கட்டியாக ஒட்டி இருந்தால் நூறு கிருமி ஒரே கொலனியாகத்தான் தெரியும். அளந்து ஊற்றி உறிஞ்சவிடுங்கள். 10 மில்லிலீற்றரிலும் குறைந்த மாதிரியானால் முதலில் புனலில் 10 மில்லிலீற்றர் அலசும் நீரை விட்டு, அதில் மாதிரியைச் சேருங்கள். இல்லாவிட்டால் கொலனிகள் எல்லாம் ஒரு மூலையில் குவியும். பிறகு புனல் சுவரைச் சுற்றி 20 முதல் 30 மில்லிலீற்றர்படி மூன்று தடவை அலசுங்கள்.

எத்தனை மில்லிலீற்றர் ஊற்றுவது? குழாய் நீருக்கும் மூடிய கிணற்றுக்கும் 100. திறந்த கிணற்றுக்கு 100 உம் 10 உம். மழைக்குப் பிறகு அதோடு 1. கேணி, குளம் என்றால் 10, 1, 0.1. சுத்தமாக இருக்கும் என்று நினைக்கும் மாதிரியிலிருந்து தொடங்கி அழுக்கானதை நோக்கிப் போங்கள். இரண்டு வடிகட்டலுக்கு நடுவே 30 நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் புனலை மறுபடி கிருமியழித்து, ஆறவிட்டே தொடங்க வேண்டும்.

மென்சவ்வை ஏகாருக்கு மாற்றும் அந்த இரண்டு விநாடியில்தான் கை பழக வேண்டும். ஒரு ஓரத்தை முதலில் ஏகாரில் தொடவிட்டு, பாய் விரிப்பதுபோல மற்ற ஓரம் வரை மெல்ல உருட்டி இறக்குங்கள். ஈரம் ஏறி மென்சவ்வின் நிறம் சீராக மாற வேண்டும். எங்காவது வெளிறிய வட்டம் தெரிந்தால் அடியில் காற்றுக்குமிழி இருக்கிறது. ஊடகம் எட்டாத அந்த இடத்தில் கிருமி இருந்தாலும் கொலனி வராது. உடனே ஓரத்தைத் தூக்கி மறுபடி உருட்டுங்கள். மறுநாள் தட்டில் பிறைவடிவில் ஒரு பகுதி மட்டும் வெறுமையாக இருந்தால் காரணம் இதுதான்.

44.5 பாகை

வடிகட்டிய 30 நிமிடத்துக்குள் கிண்ணங்களைத் தலைகீழாக நீர்புகாப் பையில் இட்டு, 44.5 பாகை நீர்த்தொட்டியில் முழுதாக அமிழ்த்துங்கள். மிதக்காமல் மேலே பாரம் வையுங்கள். நேரம் 24 மணித்தியாலம், 2 கூடலாம் குறையலாம். வெப்பநிலை 0.2 பாகைதான் கூடலாம் குறையலாம். இந்த இறுக்கத்துக்குக் காரணம் உண்டு. 44 க்குக் கீழே இறங்கினால் மண்ணில் வாழும் கோலிபோமும் வளர்ந்து எண்ணிக்கையைக் கூட்டும். 45 ஐத் தாண்டினால் ஈ.கோலையே ஒடுங்கத் தொடங்கும். காற்றைச் சூடாக்கிக் கிருமி வளர்க்கும் பெட்டியான இன்கியூபேற்றரில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே இதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கும், அதனால்தான் நீர்த்தொட்டி. கருவியின் முகப்பில் ஒளிரும் எண்ணை நம்பாதீர்கள். 0.1 பாகைப் பிரிவுள்ள, சான்றிதழ் பெற்ற வெப்பமானியோடு ஒப்பிட்ட ஒன்றைத் தண்ணீரில் தொங்கவிட்டு, நாளுக்கு இரண்டு தடவை, குறைந்தது 4 மணித்தியால இடைவெளியில் பதியுங்கள். இரவில் கரண்ட் போய் விடிய முன் வந்துவிட்டால் காலையில் 44.5 என்றே காட்டும். ஆகவே கூடியதையும் குறைந்ததையும் நினைவில் வைத்திருக்கும் வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். எல்லை மீறியிருந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் கைவிட்டு மாதிரியை மறுபடி எடுங்கள்.

குளோரீன் பட்டு அரைகுறையாகப் பிழைத்த கிருமி நேரே 44.5 பாகைக்குப் போனால் எழும்பாது. குளோரீன் போட்ட நீருக்குத் திருத்திய எம்-டெக் ஏகார் பொருத்தம்: முதல் 2 மணித்தியாலம் 35 பாகை, பிறகு 44.5 பாகையில் 22 மணித்தியாலம். செந்நிறம் அல்லது மெஜந்தா நிறக் கொலனிகள் ஈ.கோலை. நீர்த்தொட்டியே இல்லாத சிறிய ஆய்வுகூடத்துக்குக் குரோமோஜெனிக் கோலிபோம் ஏகார் சிறந்தது. 36 பாகை, 2 கூடலாம் குறையலாம், 21 மணித்தியாலம். கருநீலமும் ஊதாவும் ஈ.கோலை, இளஞ்சிவப்பும் சிவப்பும் மற்றக் கோலிபோம்.

ஆனால் 35, 36 பாகை யாழ்ப்பாணத்தில் நினைக்கிற அளவுக்கு இலகுவல்ல. குளிரூட்டி இல்லாத இன்கியூபேற்றர் சூடாக்க மட்டுமே தெரிந்தது. அறையைவிடச் சில பாகை மேலேதான் அது நிலைத்து நிற்கும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் அறையே 34 பாகையில் இருந்தால், 35 இல் வைத்த கருவி 37, 38 இல் ஓடும். ஒன்றில் அறைக்கு ஏசி வேண்டும், அல்லது குளிரூட்டும் வகை இன்கியூபேற்றர் வேண்டும். முதல் 4 மணித்தியாலம் 30 பாகையில் வைக்கச் சொல்லும் லோரில் சல்பேற்று முறையை, குளிரூட்டி இல்லாமல் இங்கே தொடவே வேண்டாம்.

வாசித்தல்

10 முதல் 15 மடங்கு பெருக்கும் வில்லையின் கீழ், வெளிச்சத்தைச் சரிவாக விட்டு எண்ணுங்கள். எம்-எஃப்சியில் மலக் கோலிபோம் நீலமாக வரும். எல்லாம் ஒரே நீலமல்ல: நடுவில் கடும் நீலம், ஓரத்தில் வெளிறல்; சில முழுவதுமே இளநீலம். அவை அனைத்தும் கணக்கில் சேரும். சாம்பலும் வெண்மஞ்சளும் சேராது. எண்ண நல்ல அளவு ஒரு தட்டில் 20 முதல் 60 வரை. 200 ஐத் தாண்டினால், அல்லது கொலனிகள் ஒன்றோடொன்று படர்ந்தால், "எண்ண முடியாத அளவு" என்று எழுதிச் சிறிய கனவளவுத் தட்டுக்குப் போங்கள்.

கணக்கு: கொலனி எண்ணிக்கையை 100 ஆல் பெருக்கி, வடிகட்டிய மில்லிலீற்றரால் வகுக்கவும். 10 மில்லிலீற்றரில் 34 கொலனி என்றால் 100 மில்லிலீற்றருக்கு 340. எந்தத் தட்டும் 20 ஐ எட்டாவிட்டால் எல்லாவற்றையும் கூட்டுங்கள். 100 இல் 14, 10 இல் 1 என்றால் 110 மில்லிலீற்றரில் 15, அதாவது 100 க்கு ஏறக்குறைய 14. 100 மில்லிலீற்றரில் ஒன்றும் வராவிட்டால் "100 மில்லிலீற்றருக்கு 1 இலும் குறைவு" என்று எழுத வேண்டும். 10 மில்லிலீற்றர் மட்டும் வடிகட்டி ஒன்றும் வராவிட்டால் "10 இலும் குறைவு" என்றுதான் எழுதலாம். அதை "இல்லை" என்று எழுதுவது பிழை.

நீலக் கொலனி எல்லாம் ஈ.கோலை அல்ல, கிளெப்சியெல்லா இனப் பற்றீரியாவில் சிலவும் நீலமாக வரும். ஐயம் தீர, சில கொலனிகளை, மக் என்ற பொருள் (ஈ.கோலை அதை உடைத்தால் ஒளிரும்) சேர்த்த ஈசி குழம்பு என்ற திரவ ஊடகத்தில் இட்டு 44.5 பாகையில் 24 மணித்தியாலம் வைத்து, இருட்டில் 365 நானோமீற்றர் புறஊதா விளக்கின் கீழ் பாருங்கள். ஈ.கோலை வெளிர்நீலமாக ஒளிரும். கண்ணுக்குப் புறஊதாத் தடுப்புக் கண்ணாடி அணியாமல் அந்த விளக்கைப் போட வேண்டாம்.

ஒவ்வொரு தொகுதியோடும் தெரிந்த பற்றீரியா இரண்டையும் ஓட்டுங்கள். ஈ.கோலை ஏடிசிசி 25922 (ஏடிசிசி என்பது பற்றீரியாச் சேகரம் ஒன்றின் இலக்கம்) நீலமாக வளர வேண்டும், கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் ஏடிசிசி 13048 இந்த வெப்பத்தில் மலக் கோலிபோமாக வரக்கூடாது. முதலாவது வளராத நாளில் மற்றத் தட்டுகள் எல்லாம் வெறுமையாக இருந்தால் அதில் மகிழ ஒன்றுமில்லை. அன்றைய முடிவு எதையும் வெளியே அனுப்பாதீர்கள்.

கலங்கலும் உப்பும்

மழைக்குப் பின் செம்மண் கலங்கிய நீர் மென்சவ்வை அடைத்துவிடும். 100 ஐ 25 மில்லிலீற்றராக நான்கு மென்சவ்வில் பிரித்து வடிகட்டிக் கூட்டலாம். அதுவும் சரிவராவிட்டால் பல்குழாய் முறைக்கு மாறுங்கள்: லோரில் திரிப்டோஸ் குழம்பில் 10, 1, 0.1 மில்லிலீற்றர், ஒவ்வொன்றும் 5 குழாய். 35 பாகையில் 48 மணித்தியாலத்துக்குள் உள்ளே கவிழ்த்த சிறு டர்ஹாம் குழாயில் வாயு சேர்ந்தவற்றை ஈசி குழம்புக்கு மாற்றி, 44.5 பாகையில் உறுதி செய்து, வாயு வந்த குழாய்களின் எண்ணிக்கையை இம்முறைக்கான அட்டவணையில் பாருங்கள். 10 மில்லிலீற்றரில் ஐந்து, 1 இல் ஒன்று, 0.1 இல் ஒன்றுமில்லை, அதாவது 5-1-0 என்று வந்தால் 100 மில்லிலீற்றருக்கு 33. மாதிரி இடும் முன்பே டர்ஹாம் குழாயில் குமிழி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன்பே இருந்த காற்றைக் கிருமி விட்ட வாயு என்று எண்ணிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

கோலிலேர்ட் போன்ற ஆயத்தப் பொடிப் பொதிகளில் வேலை குறைவு: 100 மில்லிலீற்றரில் கரைத்து 35 பாகையில் 24 மணித்தியாலம், மஞ்சள் கோலிபோம், மஞ்சளோடு ஒளிர்ந்தால் ஈ.கோலை. பொடியைப் போட்டவுடன் நீலம் பளிச்சிட்டால் மாதிரியில் குளோரீன் மிகையாக இருக்கிறது, அதை நிராகரியுங்கள். கடல்நீரைக் குறைந்தது பத்து மடங்கு ஐதாக்காமல் இதில் போடக்கூடாது, கடலில் இயல்பாக வாழும் பற்றீரியாவும் பொய்யாக நிறம் காட்டும். காரைநகர் கசூரினா போன்ற குளிக்கும் கடற்கரையைச் சோதிப்பதானால் ஈ.கோலையை விட்டு, குடலில் வாழும் இன்னொரு பற்றீரியாவான என்ரரோகொக்கையைத் தேடுங்கள். அது உப்பில் கூடிய நாள் தாங்கும். எம்இஐ ஏகார், 41 பாகை, 24 மணித்தியாலம், நீல ஒளிவட்டமுள்ள கொலனிகள்.

கொலனி வந்தால்

அறிக்கை தட்டச்சாகும்வரை காத்திருக்காமல் அன்றே வீட்டாருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள். குடிக்கிற தண்ணீரைக் குமிழி எழும்பக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைக்க வேண்டும். வாசித்த தட்டுகளையும் குழம்புகளையும் 121 பாகையில் 30 நிமிடம் ஒட்டோகிளேவ் செய்த பிறகே எறியலாம். நீங்கள் வளர்த்தது கோடிக்கணக்கான மலக் கிருமி, அதைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் அது போய்ச் சேரும் இடமும் இதே சுண்ணாம்புக் கல்தான்.

குளோரீன் போடும் முன் கிணற்றடியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கட்டில் வெடிப்பு, குளித்த தண்ணீர் தேங்கி மறுபடி கிணற்றுக்குள் இறங்கும் பள்ளம், கட்டோடு ஒட்டிய வாழைப்பாத்தி, பக்கத்தில் கட்டிய மாடு, அயல் வளவின் மலக்குழி. அந்த வழி அடைபடாமல் குளோரீன் மட்டும் போட்டால் அடுத்த மழையோடு எண்ணிக்கை திரும்பி வரும். குளோரீன் போட்ட கிணற்றை மறுநாளே சோதிக்கவும் வேண்டாம், அப்போது நீங்கள் அளப்பது குளோரீனின் வேலையைத்தான். டிபிடி மாத்திரை நிறம் காட்டாத நாள்வரை பொறுத்து, அன்று ஒரு போத்தலும், பிறகு ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் இன்னொரு போத்தலும் எடுங்கள்.